தட்டிக்குப் பின்னால் நின்றவள்

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. கம்பெனியில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எங்களுக்கு அவள் செக்கிங்கம்மா. அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் வேறு பெயர்களும் உண்டு, அதையெல்லாம் எழுதினால் படிக்கிறவர்கள் என்னைத்தான் தப்பாக நினைப்பார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அது சுவிட்சுக்கு உள்ளே வைக்கிற பித்தளைச் சாமான் செய்கிற கம்பெனி. நட்டு, திருகு, விரல்நகம் அளவுக்குத் தகடு. பாக்கிங்கில் முழுக்கப் பெண்கள்தான். பித்தளைக்கு வெளியே கிராக்கி இருந்ததால் சிலபேர் ரவிக்கைக்குள் ஒரு பிடி போட்டுக்கொண்டு போவார்கள். அதைப் பிடிக்கத்தான் அவளை வைத்திருந்தார்கள். சாயங்காலம் சங்கு ஊதியதும், கேட்டுக்குப் பக்கத்தில் மூங்கில் தட்டி கட்டி மறைத்த இடத்துக்குள் ஒவ்வொருத்தியாகப் போக வேண்டும். போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் கொண்டை, பிறகு அக்குள், பிறகு ரவிக்கை, கடைசியில் இடுப்பு மடிப்பு. ஒரு நாளும் அந்த வரிசை மாறியதில்லை.

அவள் கை எப்போதும் சில்லென்று இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். தேடும்போது நம் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். நம் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, கொல்லையில் புளி உலுக்குகிறவள் மாதிரி பேச்சு மட்டும் கொடுப்பாள்.

"இன்னிக்கு ஊட்டுல இன்னா கொழம்பு?"

"கருவாடுக்கா."

"தெரியிது, தெரியிது. வாசன வருது. போ."

ஒருத்தி சிரித்துக்கொண்டே வெளியே வந்தால் அடுத்தவளும் சிரிப்பாள் என்று நினைக்காதீர்கள். அழுதுகொண்டு வந்தவர்கள்தான் அதிகம். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, சூப்பர்வைசருக்குச் சொந்தம், "நான் யாருனு தெரியுமா?" என்று கேட்டாளாம். "தெரியும். கைய தூக்கு" என்றாளாம் இவள்.

எதையாவது சொல்ல வாயைத் திறந்தாலே அவளுக்குப் பிடிக்காது. "நீ சொல்லாத, நான் பாத்துக்கறேன்" என்பாள். அவளுடைய குணம் மொத்தமும் அந்த ஒரு பேச்சில் இருந்தது. யார் வாயையும் அவள் நம்பினதில்லை. சாமி மேல் சத்தியம் செய்தவளையும் நம்பவில்லை, மாதா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவளையும் நம்பவில்லை. கையில் பட்டால்தான் உண்டு, படாவிட்டால் இல்லை.

பாரிவாக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண், பிள்ளை பெற்று மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். மத்தியானம் ஆனால் பால் கட்டிக்கொண்டு வழியும். துணி மடித்து உள்ளே வைத்திருப்பாள். செக்கிங்கம்மா அந்தத் துணியைப் பிடித்து வெளியே இழுத்தாள். வரிசையில் அடுத்து நான்தான் நின்றிருந்தேன், தட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஈரத்துணியை விரித்து, உதறி, பிழிந்து, மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அந்தப் பெண் ரவிக்கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாலுதான். இந்தா" என்று கையில் கொடுத்தாள். பிறகு, "எடது பக்கம் கல்லு மாதிரி கட்டிகினு கீது. ஊட்டுக்குப் போனதும் புள்ளைக்கு மொதல்ல அந்தப் பக்கம் குடு. சுடுதண்ணி ஒத்தடம் குடு. இல்லனா ஜுரம் வந்துரும்" என்றாள்.

வெளியே வந்த பெண் நேராக என்னிடம்தான் அழுதாள். எல்லாப் பெண்களும் என்னிடம்தான் வந்து அழுவார்கள். நான் யூனியனில் பெண்கள் பக்கத்துக்கு லீடர். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி, ஆனால் மேனேஜர் அறைக்குள் செருப்போடு போய்ப் பேசுகிற தைரியம் அறுபது பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான் இருந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதில் என்ன.

துணியைப் பிழிந்த கதையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு எரிந்தது. ஒத்தடம் சொன்ன கதையை நாங்கள் யாரும் இரண்டாம் தடவை பேசவில்லை.

இனி ஸ்டெல்லா. அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் வீடு, அப்பா இல்லை, அம்மா மட்டும். இருபத்திரண்டு வயசிருக்கும். பித்தளையைப் பிரிக்கும்போது மெதுவாகக் கோயில் பாட்டுப் பாடுவாள். என்னைச் சுற்றிச் சுற்றி வருவாள். என் டிபனில் பாதி அவளுக்கு, அவள் டிபனில் பாதி எனக்கு. நான் நில் என்றால் நிற்பாள், உட்கார் என்றால் உட்காருவாள்.

ஒரு சாயங்காலம் அவள் தட்டிக்குள் போனாள், வெளியே வரவில்லை. உள்ளே குரல் மட்டும் கேட்டது.

"இன்னாடி வச்சிகீற?"

"ஒண்ணும் இல்லக்கா."

"எடு அத்த."

"சத்தியமா ஒண்ணும் இல்லக்கா."

"நீ சொல்லாத. அவுரு."

அன்றைக்குக் காலையில்தான் ஒரு பெட்டி நட்டு குறைகிறது என்று சத்தம் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் வேறு தட்டிக்கு வெளியே காத்துக்கொண்டு நின்றான். ரவிக்கை கொக்கி ஒவ்வொன்றாகக் கழற்றுகிற சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது, அவ்வளவு பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். பிறகு ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"இன்னா, கெட்ச்சிதா?" என்று சூப்பர்வைசர் கேட்டான்.

நான் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஸ்டெல்லா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். செக்கிங்கம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று விரல் இன்னும் காற்றில் அப்படியே நின்றது.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"எத்தினி நாளா கீது?"

ஸ்டெல்லாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "அக்கா, நான் ஒண்ணும் எடுக்கலக்கா" என்று என் தோளில் விழுந்து அழுதாள்.

"வலிச்சாகூட பரவால்ல" என்றாள் அவள், தனக்குத் தானே. "ஏ பொண்ணு, நாளிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ."

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். "திருட்டு கெட்ச்சா ஜெயிலு, கெடைக்கலனா ஆஸ்பத்திரியா? ஒன் கைய வெட்டிப் போடணும்" என்றேன். வெளியே பெண்கள் ஓ என்று கத்தினார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

மறுநாளே மனு எழுதினோம். எழுதிக் கொடுத்தது யூனியன் ஆபீஸ் பையன்கள், சொன்னது நான். சோதனை என்ற பேரில் வயசுப் பெண்களைத் தடவுகிறாள், அவள் புத்தி சரியில்லை, அவள் கை அசிங்கமான கை என்று எழுதச் சொன்னேன். மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். நான் என் பேரை எழுத்துக் கூட்டி எழுதினேன். அதுவரைக்கும் நானும் கைநாட்டுதான். அதற்கு முந்தின ஒரு வாரமாகவே மகனுடைய சிலேட்டில் பழகிக்கொண்டிருந்தேன், முதன்முதலில் கையெழுத்துப் போட்ட காகிதம் அதுதான்.

அந்தத் தட்டிக்குப் பின்னால் எந்தப் பெண்ணும் அப்படி நின்றிருக்கக் கூடாது. இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் தட்டி வைத்தது கம்பெனி. எங்கள் கைக்கு எட்டியது அவள்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. நாலு ஆம்பிளைகள், நான், அவள். புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள்.

"நீ இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டார்கள்.

"அந்தப் பொண்ணுக்குக் கட்டி கீது சார். என்ன அப்பறமா விசாரிங்க, மொதல்ல அத்த பாருங்க."

ஒருத்தர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கட்டியா? எங்க கட்டி, எப்டி தெரியும், காட்டு" என்றார் இன்னொருத்தர். நானும் சிரித்தேன். அன்றோடு அவளுக்குக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். அடுத்து வந்த பெண் தோளைத் தொட்டு அனுப்பினாள். இடுப்பு நிறையப் பித்தளை வைத்துக்கொண்டு பெண்கள் அசைந்து அசைந்து போனார்கள், எனக்கு ஜே போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனூரில் எங்கள் தெருக் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்டேஷன் பக்கமிருந்து அவள் நடந்து வந்தாள். இளைத்திருந்தாள்.

"இன்னா லீடரு, நல்லா கீறியா?"

"வேல போச்சினா கம்பெனில போயி கேளு. எங்கிட்ட இன்னாத்துக்கு வந்த?"

"வேலைக்கு வரல. என் கையில பட்டது இன்னானு தெரிஞ்சிக்கலாம்னு பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஒரு நர்சம்மாவ கேட்டேன். அவங்க வெவரமா சொன்னாங்க. எல்லாக் கட்டியும் கெட்ட கட்டி இல்லியாம். ஆனா எது எதுனு டாக்டருதான் பாத்து சொல்லணுமாம். நம்பளே மாசம் ஒரு தபா பாத்துகினா சின்னதா கீறப்பவே தெரிஞ்சிருமாம்."

நான் குழாயடியைப் பார்த்துத் திரும்பினேன். "கேட்டீங்களாடி? இவ நம்பளுக்கு மார தடவ சொல்லித் தர வந்துகீறா!"

கொல்லென்று சிரித்தார்கள். "கம்பெனில பத்தலியா, தெருவுக்கே வந்துட்டியா?" என்றாள் ஒருத்தி. "போறப்ப எங்க ஊட்டுக்காரருக்கும் சொல்லிக் குட்த்துட்டுப் போ" என்றாள் இன்னொருத்தி. தண்ணீர் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியாமல் சிரித்தார்கள்.

அவள் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் நின்றாள். பிறகு இடது கையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். நடுத்தெருவில், புடவைக்கு மேலேயே, வலது கை மூன்று விரலைச் சேர்த்துத் தன் மார்பில் வைத்து வட்டம் வட்டமாக நகர்த்திக் காட்டினாள்.

"நுனி வெரல்ல குத்தக் கூடாது. வெரலு வயிறுதான் படணும். சுத்திகினே வரணும், அக்குளுக்குள்ள வரைக்கும் போவணும். தீட்டு நின்னு நாலஞ்சி நாள் கழிச்சிப் பாக்கணும். கண்ணாடி முன்னால கையத் தூக்கி நின்னு பாரு. எங்கனா தோலு குழி வுழுதா, காம்பு உள்ள இழுத்துகினு கீதானு பாரு."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு அவசரமாக வீட்டுக்குள் போனாள். போனவள் எதற்குப் போனாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு ஊடு எனக்குத் தெரியாது" என்றாள் என்னிடம். "கம்பெனி கேட்டாண்ட நின்னேன், வாச்மேன் தொரத்திட்டான். ஒன் பேச்சதான் அது கேக்கும். சொல்றியா? வலிக்கலனு உட்டுடப் போவுது. வலிக்காததுதான் பயமாம்."

"சொல்றேன், போ" என்றேன்.

தண்ணீர்கூடக் கேட்காமல் போனாள். நானும் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஸ்டெல்லா தலை நிறையப் பூவோடு வந்தாள். ஆவடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற பையன், பேசி முடித்துவிட்டார்களாம். பாக்கிங் முழுக்க மிட்டாய் கொடுத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் நினைக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. ஆனால் நான் மறக்கவில்லை. கட்டி நிஜம் என்றால் அவள் தடவவில்லை, தேடினாள் என்று ஆகிவிடும். அப்புறம் நான் சொல்லி எழுதின மனு என்ன ஆகும்? அவளைத் துரத்தியதற்காகத்தான் எனக்கு மாலை போட்டிருந்தார்கள். லீடர் பொய் மனு கொடுத்தாள் என்று ஒரு நாக்கு பேசினால் போதும், அறுபது நாக்கும் பேசும். அந்தப் பெண்ணுடைய உசிரும் என் மானமும் ஒரே தராசில் இருந்தது எனக்குத் தெரியும். மானம் கனமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஸ்டெல்லாவே கேட்டாள். சாப்பாட்டு நேரம், இருவரும் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, அந்தச் செக்கிங்கம்மா சொன்னாங்களே, அது போகலக்கா. கொஞ்சம் பெருசான மாதிரி கீது. ஆஸ்பத்திரிக்குப் போட்டுமா?"

"கல்யாணத்த வச்சிகினு ஆஸ்பத்திரிக்குப் போனா மாப்ள ஊட்ல இன்னா நெனைப்பாங்க?"

"அம்மாகிட்டயும் சொல்லலக்கா. பயமா கீது."

"இன்னாடி பயம்? அவ பேச்ச இன்னும் தலையில தூக்கிகினு கீறியா? சூட்டுக் கட்டி. வெந்தயத்த ஊற வச்சி அரைச்சிப் போடு. நாளிக்கு ஒரு புள்ளைக்குப் பால் குட்த்தா தானா கரைஞ்சிரும்."

"அப்டியாக்கா?"

"நான் சொல்றேன் இல்ல."

அவள் முகம் தெளிந்துவிட்டது. என் டிபனிலிருந்து வடையை எடுத்துத் தின்றாள்.

கல்யாணம் நடந்தது, நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வருஷம் திரும்புவதற்குள் ஆண் குழந்தை. பிள்ளை அந்தப் பக்கம் மட்டும் வாயே வைக்கவில்லை. தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிட்டதென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அறுத்து எடுத்துப் பார்த்தார்கள், கரண்டு வைத்துப் பார்த்தார்கள். நான் பார்க்கப் போனபோது தலையில் முடி இல்லை. "வெந்தயம் போட்டேன்க்கா, உடாம போட்டேன்" என்றாள். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன், பையை அவிழ்க்காமலே கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். பிள்ளைக்கு ஒரு வயசு முடிவதற்கு முன்னால் ஸ்டெல்லாவை அடக்கம் செய்தோம்.

கல்லறைத் தோட்டத்துக்குச் செக்கிங்கம்மாவும் வந்திருந்தாள், யார் சொன்னார்களோ. கும்பலில் சேராமல் மதில் ஓரமாக நின்றாள். மண் போட்டு முடித்ததும் நேராக என்னிடம் வந்தாள். பின்னால் கம்பெனிப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"சொன்னியா?" என்றாள்.

"சொன்னேன்" என்றேன்.

"அப்பறம்?"

"போகல. கல்யாண நேரம், வேணாம்னுட்டா. எத்தினியோ தபா சொன்னேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஊரில் ஒருத்தர் வாயையும் நம்பாதவள், எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள் என்று நின்றேன். கண்டுபிடித்துத் துப்பினாலும் துப்பட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அவள் தலையை ஆட்டினாள்.

"பாவி பொண்ணு" என்றாள் குழியைப் பார்த்து. "அவ்ளோ சொல்லியும் போகலியா நீ?"

அதற்கப்புறம் அவள் கம்பெனி வேலை தேடவில்லை. பூந்தமல்லிப் பக்கம் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாள். அந்த நர்சம்மாவோடு சில இடம், தனியாகச் சில இடம். ரேஷன் வரிசையிலும் சொல்வாள், பஸ்ஸிலும் சொல்வாள். நிறையப் பேர் விரட்டினார்கள். யாரையும் தொட மாட்டாள். பயந்துபோய் "நீயே பாத்து சொல்லுக்கா" என்று கேட்டவர்களிடமும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். "என் கை வேணாம். அசிங்கமான கைனு எழுதி வச்சிகீறாங்க. ஒங்க கையே போதும்" என்பாள். சிரிப்பார்கள், தமாஷ் என்று நினைத்து.

நாலைந்து வருஷம் போயிருக்கும். அயனம்பாக்கத்தில் மாதர் சங்கக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய லீடர் என்று என்னையும் முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஸ்டெல்லாவின் அம்மா, மடியில் பேரன்.

எல்லாம் சொல்லிக் காட்டி முடித்துவிட்டு அவள் வழக்கமான கதையை எடுத்தாள். அடக்கத்தன்று மதில் ஓரமாகவே நின்றவள், அந்தம்மா யார் என்று அவளுக்குத் தெரியாது.

"எங்க கம்பெனில ஒரு பொண்ணு இருந்தா. இந்தக் கையாலதான் கண்டுபுடிச்சேன். நான் சொன்னேன். கேக்கல. தோ, இந்த லீடரு எத்தினியோ தபா சொன்னாங்க. அதுவும் கேக்கல. புடிவாதம். கல்யாணம்தான் பெருசுனு போனா, பச்சப் புள்ளைய உட்டுட்டுப் பூட்டா. அது மாதிரி திமிரு புடிச்ச பொண்ணா இருக்காதீங்க."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். "அவ்ளோ சொல்லியும் புத்தி இல்லியே" என்றாள் பின்னால் ஒருத்தி. பேரன் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அந்தம்மா பேரன் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு என் கையைத் தேடி எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரும்மா அவ" என்றாள். "நீயாவது எம்பொண்ணுக்கு எடுத்து சொன்னியே. நல்லா இருப்ப."

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"சொன்னேம்மா" என்றேன்.